கோழிக்கும் மீனுக்கும் ஒரே கத்தி போதுமா?

வாசகர் கேள்வி

"எங்களிடம் 40 நாட்டுக்கோழியும் 300 ஜப்பானியக் காடையும் இருக்கின்றன. பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, ஜிலேபி விட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே சுத்தம் செய்து விற்கிறோம். போன மாதம் காடையை அறுக்கும்போது கத்தி வழுக்கி, என் மகனுக்கு உள்ளங்கையில் 5 தையல். பத்து நாள் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. மடக்குக் கத்தி நல்லதா, பட்டறையில் அடித்த கத்தி நல்லதா? கோழி, காடை, மீன் மூன்றுக்கும் ஒரே சின்னக் கத்தியாக வாங்கிவிட முடியுமா? கொழுந்தனார், வயலில் கௌதாரி பிடிக்கவும் அதே கத்தி ஆகும் என்கிறார்."

– ஒரு வாசகி, மானாமதுரை வட்டம்

பதில்

கொழுந்தனார் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். கௌதாரி, காட்டுக்காடை, கொக்கு, காட்டுக்கோழி எதையும் பிடிக்கக்கூடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. கண்ணி வைத்தாலும் வலை கட்டினாலும் வேட்டைதான். பறவை நம் வயலில்தானே மேய்கிறது என்ற வாதம் எடுபடாது. தவிர, கௌதாரி கரையானையும் பூச்சிகளையும் கொத்தித் தின்கிற பறவை. சம்பளம் வாங்காமல் வயலுக்கு வேலை செய்கிற ஆளைப் பிடித்துக் குழம்பு வைப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. வீட்டில் வளர்க்கிற ஜப்பானியக் காடை, வாத்து, வான்கோழி, கினிக்கோழி இவற்றுக்குத்தான் இந்தக் கத்திப் பேச்சு எல்லாம்.

இனி மகனுக்குப் பட்ட காயம். கூர் இல்லாத கத்தியால் கை அறுபடாது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் அறுக்க வேண்டியிருக்கிறது. தோல் சட்டென்று விட்டுக் கொடுத்ததும் அழுத்திய வேகம் முழுவதும் அடுத்த கையில் போய் இறங்குகிறது. இது ஒரு காரணம். இன்னொரு காரணம் கைப்பிடி. கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பிடிக் கத்திகளில் பிடி முடிந்து அலகு தொடங்குகிற இடத்தில் விரலைத் தடுக்க ஒன்றுமே இருக்காது. கொழுப்பும் ரத்தமும் பட்ட கை, குத்துகிற நேரத்தில் முன்னால் நழுவி அலகின் மேலேயே போய்விடும். ஆக, வாங்கப் போகும்போது எஃகைப் பார்ப்பதற்கு முன்னால் பிடியைப் பார்க்க வேண்டும்.

மடக்குக் கத்தி இந்த வேலைக்கு ஆகாது. மூட்டு இருக்கிற இடத்தில் ரத்தமும் செதிலும் கொழுப்பும் புகுந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் உள்ளே கொஞ்சம் தங்கி நாறும், அங்கேயே துருவும் பிடிக்கும். பூட்டு தேய்ந்த மடக்குக் கத்தி, முனையால் குத்தும்போது விரல் மேலேயே மடங்கிவிடும். பழம் நறுக்க, கயிறு அறுக்க அது சட்டைப்பையில் இருக்கட்டும். இறைச்சிக்கு அலகும் பிடிக்குள் போகிற காம்பும் ஒரே இரும்பாக இருக்கிற நேர் கத்திதான் சரி.

எவ்வளவு நீளம்?

பெரிய கத்தி இருந்தால் எல்லா வேலையும் முடியும் என்று தோன்றும். சுத்தம் செய்த காடை ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற உருப்படி. அதன் வயிற்றுக்குள் 6 அங்குலக் கத்தியை விட்டால் முனை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. குடலும் பித்தப்பையும் கிழிந்த பிறகுதான் தெரியும். அலகு 3 முதல் 4 அங்குலம் இருந்தால் போதும். ஆள்காட்டி விரலைக் கத்தியின் முதுகில் நீட்டி வைத்தால், விரல் நுனிக்குச் சற்று முன்னால் கத்தி முனை இருக்க வேண்டும். அப்போதுதான் விரல் போகிற இடத்துக்குக் கத்தி போகும். இரண்டு கிலோ கட்லாவின் வயிற்றைத் திறக்கவும் இந்த நீளம் தாராளம். துண்டு போடுவதற்கு வேறு கத்தி வேண்டும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

அலகின் அகலம் முக்கால் முதல் ஓர் அங்குலம். முனை மிக ஊசியாகவும் இருக்க வேண்டாம், மேல்நோக்கி அதிகமாக வளைந்தும் இருக்க வேண்டாம். வாய்ப்பக்கம் நேராக வந்து முனைக்கு அருகில் மெல்ல வளைந்தால் போதும்.

எல்லாரும் கோட்டை விடுகிற இடம் கனம். பட்டறையில் சொல்லாமல் விட்டால் முதுகுப் பக்கம் 4 மில்லிமீட்டர் தடிமனில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். 'உறுதியா இருக்கணுமே' என்ற நல்லெண்ணம்தான். அரிவாளுக்கு அந்தக் கனம் பொருத்தம். சின்னக் கத்திக்கு அது கேடு. தடித்த அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் ஆப்பு மாதிரி சதையைப் பிளந்துகொண்டு போகும், அறுக்காது. மீன் சதை நொறுங்கும், காடைத் தோல் இழுபட்டுக் கிழியும். முதுகு 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கோழிக்கும் மீனுக்கும் ஒரே கத்தி என்று முடிவு செய்துவிட்டால் மெல்லிய கத்தியின் பக்கம்தான் சாய வேண்டும். மெல்லிய கத்தியால் கோழியை மூட்டு மூட்டாகப் பிரித்துவிட முடியும். தடித்த கத்தியால் மீனை ஒழுங்காக அறுக்கவே முடியாது.

எந்த இரும்பு?

பளபளக்கிற எவர்சில்வர் கத்தி துருப்பிடிக்காது. ஆனால், மலிவான எவர்சில்வர் கத்திகளின் இரும்பு மென்மையானது. நாலு கோழி முடிவதற்குள் வாய் மடங்கிவிடும். நல்ல எவர்சில்வர் கத்தி விலை கூட. கிராமத்தில் சுலபமாகக் கிடைப்பது லாரி பட்டாவில் அடித்த கத்தி. லாரி, பஸ்ஸின் வில் பட்டையில் கரி சுமார் 0.6 சதவீதம் இருக்கும். வளைந்தாலும் ஒடியாது, கூரும் நிற்கும். துருப்பிடிக்கும் என்பது மட்டும்தான் குறை. உபயோகிக்க உபயோகிக்க அலகு சாம்பல் நிறமாகக் கறுக்கும். அது துரு அல்ல, பயப்பட வேண்டாம். செங்கல் நிறத்தில் பொடி பொடியாக வருவதுதான் துரு.

சில ஊர்களில் இரும்பு அறுக்கிற மெஷினின் ஒடிந்த ஹேக்சா பிளேடைத் தீட்டிக் கத்தியாக்கித் தருகிறார்கள். அதில் கூர் அபாரமாக நிற்கும். ஆனால், கத்தியை எலும்பிடுக்கில் விட்டுத் திருகினால் கண்ணாடி மாதிரி பட்டென்று ஒடியும். ஒடிந்த துணுக்கு இறைச்சிக்குள் போனால் யார் வாயில் போகும் என்று சொல்ல முடியாது. விற்பனைக்குச் சுத்தம் செய்கிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

சிவகங்கை மாவட்டத்து வாசகிக்குப் பட்டறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி அவர்கள் பக்கம்தான். ஆனால் அரிவாள் அடிக்கிற கைக்குச் சின்னக் கத்தி அடிப்பது வேறு வேலை. அதனால் சொல்லி அடிக்க வேண்டும். அட்டையில் கத்தியை வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது உத்தமம். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அட்டையிலேயே எழுதிவிட வேண்டும்.

தோய்ச்சல் பற்றியும் கேட்க வேண்டும். பட்டா இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் மெல்லிய வாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழ வாய்ப்பு உண்டு. எண்ணெயில் தோய்ப்பதே அதற்கு ஏற்றது. தோய்த்தவுடன் இரும்பு முறுகிப்போய் இருக்கும், அப்படியே விட்டால் ஒடியும். மறுபடி மெல்லச் சூடு காட்டி, துலக்கிய இடம் வைக்கோல் மஞ்சள் நிறம் வரும்போது நிறுத்தினால் வாய்க்குப் பதம் சரி. நீலம் வரை போனால் அது ஸ்பிரிங்குக்கு ஆகும், கத்தி வாய்க்கு மென்மை. வேலை தெரிந்த ஆசாரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'வாய்க்கு மஞ்சப் பதம் போதுங்க' என்று சொன்னால், கேட்க வந்தவருக்கும் விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. சின்ன அரம் ஒன்றைக் கத்தி வாயில் லேசாக ஓட்டிப் பார்க்கலாம். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி அரம் கடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை. சற்றே சிரமப்பட்டு லேசாகக் கடித்தால் சரியான பதம். கண்ணாடி மேல் போகிற மாதிரி முழுக்க வழுக்கினால் முறுகல், இன்னும் கொஞ்சம் சூடு காட்டச் சொல்ல வேண்டும்.

கைப்பிடி

கருவேலம், புளி, வேம்பு மூன்றில் எதுவும் ஆகும். நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். பச்சைக் கட்டையில் போட்ட பிடி இரண்டு மாதத்தில் சுருங்கி ஆடும். பிடியின் நீளம் 4 முதல் நாலரை அங்குலம். உள்ளங்கை நிறைய வர வேண்டும். உருண்டையாக இருந்தால் ஈரக்கையில் உருளும். முட்டை வடிவத்தில் பக்கம் தட்டையாக இருந்தால், கண்ணால் பார்க்காமலே வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். பிடியின் முன்பக்கம் ஆள்காட்டி விரல் உட்காருகிற மாதிரி ஒரு பள்ளமும், அதற்கு முன்னால் விரல் தாண்டாமல் ஒரு மேடும் கட்டாயம் வேண்டும். மகனுடைய கத்தியில் அந்த மேடு இருந்திருந்தால் தையலுக்கு வேலையே வந்திருக்காது.

பிடிக்கும் இரும்புக்கும் நடுவே இடுக்கு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். இருந்தால் அரக்கை உருக்கி ஊற்றி அடைத்துத் தரச் சொல்லலாம். பிடி வழுக்குகிறது என்று சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். பிடிமானம் நன்றாகவே கிடைக்கும். ஆனால், டியூபுக்கு அடியில் தண்ணீர் தங்கிக் கட்டை அழுகும், வாடையும் போகாது. வாரம் ஒருமுறை கழற்றிக் காயவைக்கிறவர்கள் மட்டும் சுற்றிக்கொள்ளலாம்.

அறுக்கிற முறை

இந்தக் கத்தியால் எலும்பை வெட்டவே கூடாது. ஓங்கிப் போட்டால் வாய் பல் பல்லாகத் தெறிக்கும். கோழியில் தொடையைப் பிடித்து உடம்பிலிருந்து விலக்கி, நடுத்தோலை அறுத்து, காலைப் பின்பக்கமாக மடக்கினால் மூட்டு தானாக 'டக்' என்று வெளியே வரும். அந்தக் குழிக்குள் கத்தியை விட்டால் பலமே தேவையில்லை. இறக்கைக்கும் இதே வழி. முதுகெலும்பையும் துண்டு போடுவதையும் கறி வெட்டுகிற பெரிய கத்திக்கோ அரிவாள்மனைக்கோ விட்டுவிட வேண்டும். காடைக்கு முதுகெலும்பை ஓரமாகக் கத்தரிக்க நல்ல கத்தரிக்கோல் ஒன்று இருந்தால் கத்தியைவிட வேகம், ஆபத்தும் குறைவு. ஞாயிறு காலையில் ஐம்பது காடை முடிக்க வேண்டிய வீட்டில் கத்தரிக்கோலுக்குச் செலவு செய்வது வீண் இல்லை.

முதல் நாள் இரவே தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தால் தீனிப்பையும் குடலும் காலியாக இருக்கும். கத்தி தவறிப் பட்டாலும் கறி கெடாது. வயிற்றைத் திறக்கும்போது கத்தி வாய் மேல்பக்கம், அதாவது வெளிப்பக்கம் பார்க்க வேண்டும்; முனை தோலுக்கு அடியில் கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. ஈரலோடு ஒட்டியிருக்கிற பச்சைப் பித்தப்பையைக் கொஞ்சம் ஈரலோடு சேர்த்தே அறுத்து எடுத்தால் உடையாது. வளர்ப்புப் புறாவைச் சுத்தம் செய்கிறவர்கள் பித்தப்பையைத் தேடித் தடவ வேண்டாம். புறாவுக்கு அது கிடையாது.

மீனுக்கு வரலாம். செதிலை வாலிலிருந்து தலை நோக்கிக் கத்தியின் முதுகால் எடுக்க வேண்டும், வாயால் சுரண்டினால் கூர் போகும். ஜிலேபியின் முதுகு முள்ளும் கெளுத்தியின் பக்கவாட்டு முள்ளும் கத்தியைவிட மோசமாகக் காயப்படுத்தும். முதல் வேலையாக அவற்றைக் கத்தரித்துவிட வேண்டும். விரால் கையில் நிற்காது. அடுப்புச் சாம்பலைப் பூசிப் பிடிக்கிற பழைய வழிக்கு மேல் இன்னும் எதுவும் வரவில்லை. கழிவு வாயிலிருந்து செவுள் வரை மேலோட்டமாகக் கீறிக் குடலை எடுத்து, செவுளையும் நீக்கிவிட்டால் மீன் சீக்கிரம் கெடாது.

தீட்டுவதும் வைப்பதும்

இருபக்கக் கார்பரண்டம் கல் ஒன்று போதும். ஓர் அங்குல அகலக் கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகை ஒரு பென்சில் தடிமனுக்கு உயர்த்தினால் சரியான சாய்வு. அந்தச் சாய்வு மாறாமல் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். நடுநடுவே கூர் குறைந்தால் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில், மெருகு இல்லாத சொரசொரப்பான வட்டத்தில், நாலு இழுப்பு இழுத்தால் தேறும். தெருவில் வருகிற சாணை மெஷினில் கொடுத்தால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வாய் நீலமாக மாறினால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நீலம் தேய்ந்து தீரும் வரை கத்தியில் கூர் நிற்காது.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, உடனே துடைத்து, அலகில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். இந்தக் கத்தியைக் காய்கறிக்குத் தொடவே கூடாது. பச்சைக் கோழியில் இருக்கிற கிருமி வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் போனால் வயிற்றுப்போக்கு வீடு முழுக்க வரும்.

தோல் உறை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சிவைத்துக் கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும். முக்கால் அங்குல பி.வி.சி. பைப்பில் ஒரு சாண் வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் இளகும். இரண்டு பலகைக்கு நடுவே வைத்துத் தட்டையாக அழுத்தி, கத்தி நுழைகிற அளவுக்கு ஒரு தகடு உள்ளே செருகி ஆறவிட்டால் உறை தயார். அடிமுனையில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை போட வேண்டும். நெருப்பில் நேராகக் காட்டினால் பைப் கருகி விஷப்புகை வரும், வேண்டாம். பிடியின் பின்முனையில் ஒரு துளை போட்டுச் சிவப்புக் கயிறு கட்டிவிட்டால் குட்டைக் கரையில் புல்லுக்குள் விழுந்தாலும் கண்ணில் படும். பிள்ளைகள் கையில் மிதிபடுவதற்கு முன் பெரியவர்கள் கண்ணில் பட வேண்டுமே.

கையில் பட்டுவிட்டால்

காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பக்கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ரத்தம் நிற்கும். நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் ரத்தம் நிற்காததற்குக் காரணம். மீன் முள் குத்தினாலும் கத்தி பட்டாலும் டி.டி. ஊசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். விரல் மடங்கவில்லை அல்லது நுனி மரத்துப்போய்விட்டது என்றால் நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கலாம். தையல் மட்டும் போட்டுக்கொண்டு திரும்பிவிடாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாசகியின் மகனுக்கு இப்போது எல்லா விரலும் முழுதாக மடங்குகிறதா, நுனியில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால், தையல் பிரித்தாயிற்று என்று விட்டுவிடாமல் எலும்பு அல்லது கை அறுவை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

இன்னொரு சின்னக் கேள்வி

"இந்த மாதிரிக் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் போலீஸ் பிடிக்குமா?" – ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

ஆயுதச் சட்ட விதிகளில் சொல்லப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள். அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை சேராது. 4 அங்குலக் கத்தி அந்தக் கணக்கிலேயே வராது. ஆனாலும் இடுப்பில் செருகிக்கொண்டு திருவிழாவுக்கும் சந்தைக்கும் போனால் கேள்வி வரும், அது நியாயமும்கூட. உறையில் போட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில், கல்லோடும் கத்தரிக்கோலோடும் சேர்த்து வைத்துக்கொண்டு போனால் அது தொழில் சாமான் என்று பார்க்கிறவருக்கே தெரியும். விமானத்தில் கைப்பைக்குள் கத்திக்கு அனுமதி கிடையாது.